விவாத இழை: ஃபேட்டி வாட்டினின் நகைச்சுவையும் 1995 குயின்ஸ்லாந்து வெற்றியும்

நெய்தல்வாணன் (டூங்காபி, சிட்னி)

மேற்குச் சிட்னியில் வாழும் தமிழர்களில் பலருக்கு, ‘ஃபேட்டி’ என்ற பட்டப்பெயர் கொண்ட முன்னாள் ரக்பி லீக் ஆட்டக்காரர் பால் வாட்டினைத் தொலைக்காட்சிக் கோமாளியாகத்தான் தெரியும். சேனல் நைனில் வியாழக்கிழமை இரவுகளில் வந்த ‘தி ஃபுட்டி ஷோ’வில், விக் வைத்துக்கொண்டும் சேலைத்தலைப்பு போல எதையாவது போர்த்திக்கொண்டும் ஆடிய செம்பட்டைத் தலைமுடிக்காரர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுவதில்லை. அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைப்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1959இல் பிரிஸ்பேனில் பிறந்த வாட்டின், 1979இல் சிட்னியின் மேன்லி கழகத்துக்கு வந்து பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே ஆடினார். ரக்பி லீக்கில் முன்வரிசை ஆட்டக்காரர்கள் உடற்கட்டில் மலை போன்றவர்கள். இவர் அப்படிப்பட்டவர் அல்லர். ஆனாலும் எதிரில் ஓடிவருபவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கால்களைக் கட்டிப்பிடித்து வீழ்த்துவதில் சளைக்காதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. 1987 செப்டம்பரில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நடந்த கடைசி இறுதிப்போட்டியில் கான்பராவை 18–8 என்று வென்ற மேன்லி அணிக்கு அவரே தலைவர். குயின்ஸ்லாந்துக்காக 22 ஆரிஜின் போட்டிகளும், ஆஸ்திரேலியாவுக்காக 13 டெஸ்ட் போட்டிகளும் ஆடியவர். இவ்வளவையும் செய்து முடித்த பிறகே 1994இல் அவர் ஃபுட்டி ஷோவின் மேசைக்கு வந்தார்.

அந்த மேசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பீட்டர் ஸ்டெர்லிங். பரமட்டாவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். 1982, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இறுதிப்போட்டியில் மேன்லியை மண்ணைக் கவ்வவைத்த பரமட்டா அணியின் மூளையாக இருந்தவர் ஸ்டெர்லிங். கடற்கரையோரச் செல்வர்களின் கழகம் என்று மேன்லியை மேற்குப் புறநகரத்தார் வெறுத்த காலம் அது. அந்த இரு கழகத்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் கேலி செய்ய மற்றவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிகழ்ச்சியை ஒழுங்குபடுத்தியதை ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்தது. மூன்றாமவரான பால்மெய்ன் அணியின் ஸ்டீவ் ரோச்சும் களத்தில் எதிரியாக இருந்தவர்தான்.

நான் விவாதத்துக்கு வைக்கும் கருத்து இதுதான்: வாட்டின் மக்களைச் சிரிக்கவைத்த திறமையும், 1995இல் யாரும் மதிக்காத குயின்ஸ்லாந்து அணியை மூன்றுக்கு மூன்று வெல்லவைத்த திறமையும் ஒரே திறமையே. நகைச்சுவையாளர் ஒருவருக்குத் தற்செயலாகக் கிடைத்த பயிற்சியாளர் பதவி என்று அதைச் சொல்லிக் கடந்துபோவது தவறு. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மறைமலை (மதுரை)

ஐயா, எனக்குக் கிரிக்கெட்டும் கபடியும்தான் தெரியும். ஆரிஜின் என்பது என்ன, அதில் வெல்வது ஏன் அவ்வளவு பெரிய செய்தி, 1995இல் குயின்ஸ்லாந்து அணியை ஏன் யாரும் மதிக்கவில்லை என்பதை யாராவது விளக்கினால் என்னைப் போன்றவர்களும் விவாதத்தைப் பின்தொடர முடியும்.

கலைச்செல்வி (பிரிஸ்பேன்)

மறைமலை ஐயாவுக்கு நான் சொல்கிறேன். 1980க்கு முன்பு நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும்போது, ஒருவர் எந்த மாநிலத்துக் கழகத்தில் ஆடுகிறாரோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும். சிட்னிக் கழகங்களிடம் பணம் இருந்தது. ஆகவே குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போய், திரும்பிவந்து சொந்த ஊரையே தோற்கடித்தார்கள். 1980இல் தொடங்கிய ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் அதை மாற்றியது. இனிமேல் எந்த மாநிலத்து ஆட்டக்காரராக ஒருவர் உருவானாரோ அந்த மாநிலத்துச் சட்டையைத்தான் அணிவார் என்றானது. வாட்டின் இந்த மாற்றத்தால் பயன்பெற்ற தலைமுறை. ஆண்டு முழுவதும் மேன்லிக்கு ஆடிவிட்டு, ஆண்டுக்கு மூன்று இரவுகள் மட்டும் சிட்னிக்காரர்களை எதிர்த்துக் குயின்ஸ்லாந்தின் செம்பழுப்புச் சட்டையில் நின்றவர் அவர். எங்கள் ஊரில் அந்த மூன்று இரவுகளில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும்.

1995க்கு வருகிறேன். ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம் ‘சூப்பர் லீக்’ என்ற போட்டி அமைப்பைத் தொடங்கி, ஆட்டக்காரர்களைப் பெருந்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்தது. பழைய அமைப்பான ஆஸ்திரேலிய ரக்பி லீக், கெர்ரி பாக்கரின் ஆதரவோடு எதிர்த்து நின்றது. சூப்பர் லீக்கில் கையெழுத்திட்டவர்களை ஆரிஜினுக்குத் தேர்ந்தெடுக்க மாட்டோம் என்று பழைய அமைப்பு முடிவெடுத்தது. 1992, 1993 ஆகிய ஆண்டுகளின் சாம்பியனான பிரிஸ்பேன் பிராங்கோஸ் கழகம் முழுமையாகச் சூப்பர் லீக் பக்கம் போயிருந்தது. ஆலன் லாங்கர், கெவின் வால்டர்ஸ், ஸ்டீவ் ரெனூஃப் என்று குயின்ஸ்லாந்து அணியின் முதுகெலும்பே அந்தக் கழகம்தான். மால் மெனிங்காவும் முந்தைய ஆண்டோடு ஆரிஜினிலிருந்து விலகியிருந்தார். மீதியிருந்தவர்களைக் கொண்டு ஓர் அணியைக் கூட்டும் வேலை, முதல்தரக் கழகம் எதற்கும் பயிற்சியாளராக இருந்தறியாத வாட்டினிடம் வந்தது. ‘ஊர்பேர் தெரியாதவர்கள்’ என்ற பொருளில் பத்திரிகைகள் அவர்களுக்கு ‘ஃபேட்டியின் நெவில்கள்’ என்று பெயரிட்டன.

பென் ஐகின் என்ற பையனுக்கு அப்போது 18 வயது. கோல்ட் கோஸ்ட் கழகத்துக்காகச் சில முதல்தரப் போட்டிகளே ஆடியிருந்தார். அணி தங்கியிருந்த விடுதிக்கு அவர் வந்து நின்றபோது, யாரோ கையெழுத்து வாங்க வந்த சிறுவன் என்று வாட்டின் நினைத்துவிட்டார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தச் சிறுவனையும், பப்புவா நியூ கினியில் பிறந்த அட்ரியன் லாமையும், பில்லி மூர், கேரி லார்சன் போன்ற ஆரவாரமில்லாத உழைப்பாளிகளையும் வைத்துக்கொண்டு மே மாதம் சிட்னியில் முதல் போட்டியை வென்றார்கள். எண்ணிக்கை 2–0. இருபுறமும் ஒரு ட்ரைகூட, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது, இல்லை. வெய்ன் பார்ட்ரிம் அடித்த ஒரேயொரு பெனால்டி கோல். எண்பது நிமிடம் எதிரணியைக் கோட்டைத் தாண்டவிடாமல் தடுத்த அணி அது. மைதானத்துக்குள் நுழையும் சுரங்கப்பாதையில் பில்லி மூர் ‘குயின்ஸ்லாண்டர்! குயின்ஸ்லாண்டர்!’ என்று கத்திக்கொண்டே நடந்த காட்சியை இன்றும் ஒவ்வோர் ஆரிஜின் பருவத்திலும் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். அடுத்து மெல்பர்னில் 20–12, கடைசியாக எங்கள் லாங் பார்க்கில் 24–16.

நெய்தல்வாணன் அண்ணா சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்த ஆட்டக்காரர்களுக்குத் தெரியாத ஆட்ட உத்தி எதையும் வாட்டின் கற்றுக்கொடுக்கவில்லை. தோற்றால் அவமானம் என்ற பயத்தை அவர்களிடமிருந்து எடுத்தார். நாடு முழுவதும் கேலி செய்யும் ஓர் அணிக்கு, கேலியையே தொழிலாகக் கொண்ட ஒருவரைவிடப் பொருத்தமான தலைவர் யார் இருக்க முடியும்?

அளவுகோல்

கலைச்செல்வி அவர்கள் நிகழ்வுகளைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவற்றிலிருந்து நீங்கள் இருவரும் எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, நியூ சவுத் வேல்ஸும் அதே விதியால் அடிபட்டது. கான்பரா கழகத்தைச் சேர்ந்த லாரி டேலி, ரிக்கி ஸ்டூவர்ட், பிராட்லி கிளைட் மூவரும் அந்த ஆண்டு அணியில் இல்லை. ஓர் ஆண்டு முன்பு பட்டம் வென்ற கழகத்தின் தூண்கள் அவர்கள். குயின்ஸ்லாந்தின் இழப்பு பெரிது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இடைவெளி நீங்கள் சொல்லும் அளவுக்கு அகலமானது அன்று.

இரண்டாவது, 2–0 என்ற எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெனால்டி மறுபக்கம் விழுந்திருந்தால் இந்தக் கதையே பிறந்திருக்காது. முதல் போட்டி தோற்று, அதே பயிற்சியாளர் அதே வேடிக்கைகளைச் செய்திருந்தால், அணியைச் சர்க்கஸ் கூடாரமாக்கிவிட்டார் என்று இதே பத்திரிகைகள் எழுதியிருக்கும். வெற்றிக்குப் பிறகு எல்லாப் பழக்கமும் காரணமாகத் தெரிவது மனித இயல்பு.

மூன்றாவது, 1996ஐப் பற்றி நீங்கள் இருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சூப்பர் லீக் ஆட்டக்காரர்கள் ஆரிஜினுக்குத் திரும்பினார்கள், லாங்கர் திரும்பினார். பயிற்சியாளர் அதே வாட்டின். முடிவு மூன்றுக்கு மூன்று தோல்வி. 1997இலும் தொடரை இழந்த பிறகு அவருடைய பயிற்சியாளர் வாழ்வு முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் ஃபில் கூல்ட் இரண்டு ஆண்டுகளிலும் அதே ஆள். சிரிப்பு என்பது அணியை வெல்லவைக்கும் திறமை என்றால், அது ஏன் நல்ல ஆட்டக்காரர்கள் கையில் இருந்தபோது வேலை செய்யவில்லை?

வாட்டின் யாருடைய ஊழியர் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய அமைப்பின் பக்கம் நின்ற பாக்கர்தான் சேனல் நைனின் உரிமையாளர். நாடறிந்த முகம் ஒன்று அந்தப் பக்கத்துக்குத் தேவைப்பட்டது. வாரந்தோறும் வீடுகளுக்குள் வரும் ஃபேட்டியைவிட அறிமுகமான முகம் வேறில்லை. அவரை நியமித்ததில் இந்தக் கணக்கு எதுவும் இல்லை என்று நான் நம்ப மாட்டேன்.

நெய்தல்வாணன்

அளவுகோல் நண்பருக்கு நன்றி. இப்படிப்பட்ட எதிர்வாதத்துக்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

1996 என் கருத்துக்கு எதிரான சான்றன்று, ஆதரவான சான்று என்பேன். சாம்பியன் கழகத்திலிருந்து வரும் ஆட்டக்காரருக்குத் தன்னம்பிக்கையை யாரும் ஊட்டத் தேவையில்லை. அவருக்கு வேண்டியது எதிரணியின் ஆட்டத்தைக் கூறுபோட்டுக் காட்டும் ஆள். அந்தக் கலையில் கூல்ட் தேர்ந்தவர், வாட்டின் தேர்ந்தவரல்லர். ஆனால் தன்னை இங்கே யார் அழைத்தார்கள் என்ற தயக்கத்தோடு வந்து நிற்கும் 18 வயதுப் பையனுக்கு முதலில் வேண்டியது அந்த அறையில் தனக்கும் ஓர் இடமுண்டு என்ற உணர்வு. அதை ஒரு நல்ல நகைச்சுவையாளர் சில நிமிடங்களில் கொடுத்துவிடுவார். எந்த நோய்க்கும் ஒரே மருந்து என்று நான் சொல்லவில்லை. 1995இன் நோய்க்கு அதுதான் மருந்து என்கிறேன்.

ஃபுட்டி ஷோவில் வாட்டின் சிறு பிள்ளைகளோடு உரையாடும் ஒரு பகுதி வரும். ஐந்தாறு வயதுக் குழந்தை ஒன்று எதிரே உட்கார்ந்திருக்கும். இவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். குழந்தை தன் போக்கில் ஏதாவது சொல்லும். அதைத் திருத்த மாட்டார், அதன்மேல் தம் நகைச்சுவையைத் திணிக்கவும் மாட்டார். முகத்தில் அதிர்ச்சியை மட்டும் காட்டுவார். குழந்தைக்குக் கூச்சம் கலைந்து இன்னும் பேசும். சிரிப்பு முழுவதும் குழந்தைக்குப் போய்ச் சேரும். எதிரே இருப்பவரைப் பெரியவராக்கித் தம்மைச் சிறியவராக்கிக்கொள்ளும் அந்தப் பொறுமையைப் பார்த்தவர்களுக்கு, உடைமாற்றும் அறையில் அவர் என்ன செய்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கோமாளி வேடத்தில் வந்தாலும், கூத்தை நகர்த்திச் செல்பவன் அவனே அல்லவா? வாட்டினை அந்த இடத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

பாக்கர் கணக்கைப் பற்றிச் சொன்னது சரியாகவே இருக்கலாம். நியமித்தவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், மெல்பர்னில் போட்டி தொடங்கிய சற்று நேரத்திலேயே இரு அணியினரும் கைகலந்தபோது ஒருவரும் பின்வாங்காத அந்த உறுதியை நோக்கங்கள் உண்டாக்கவில்லை.

அன்பரசி (செவிலியர், சிட்னி)

எல்லோரும் வெற்றியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அந்த நிகழ்ச்சியின் இன்னொரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். மரியோ ஃபெனெக்.

மால்டாவில் பிறந்து, சிட்னிக்கு வந்து, சவுத் சிட்னி அணியின் தலைவராக உயர்ந்தவர் அவர். களத்தில் எரிமலை. ஒரு போட்டியில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்து வந்து தலையில் மோதியது. ஃபுட்டி ஷோவில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எந்த அளவுக்கு என்றால், பந்து ஒருவர் தலையில் மோதினால் அதற்கு ‘ஃபால்கன்’ என்று இன்றும் வருணனையாளர்கள் சொல்கிறார்கள். மால்டாக்காரரான அவருக்கு இருந்த ‘மால்டீஸ் ஃபால்கன்’ என்ற பட்டப்பெயரிலிருந்து வந்த வழக்கு அது. அவரும் நிகழ்ச்சிக்கு வந்து உட்கார்ந்து, சொல் தடுமாறி, மற்றவர்கள் சிரிக்க, தாமும் சேர்ந்து சிரித்தார். அவர் மந்தமானவர் என்பதே அங்கே நகைச்சுவை.

2022இல் அவருடைய குடும்பம் தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசியது. அறுபதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே அவருக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது. ஆட்டக் காலத்தில் தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் வரும் மூளைச் சிதைவு நோயாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த நோயை உறுதி செய்ய இறந்த பிறகு மூளையைப் பரிசோதிப்பது தவிர வேறு வழி இன்னும் இல்லை.

நான் முதியோர் நினைவிழப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அன்றாடம் பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன்: மறதி தொடங்கிய மனிதர், தாம் தடுமாறியதை மறைக்க முதலில் கையில் எடுப்பது சிரிப்பைத்தான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது ஒரு வேடிக்கைப் பேச்சை எடுத்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிட்டால் கேள்வி மறைந்துவிடும். ஃபெனெக்குக்கு அந்த நாள்களிலேயே நோய் தொடங்கியிருந்தது என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தலையில் அடிபடுவதை வேடிக்கையாகவே பார்க்க ஒரு நாட்டைப் பழக்கிய நிகழ்ச்சி அது என்பதை இந்த இழையில் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

நெய்தல்வாணன் அண்ணா, தம்மைச் சிறியவராக்கிக்கொள்ளும் பொறுமை என்று எழுதினீர்கள். குழந்தைகளிடம் அது இருந்தது. சக ஆட்டக்காரரிடம் அது இருந்ததா?

இளங்கோ (நியூகாசில்)

அன்பரசி அக்கா கேட்டதைப் படித்த பிறகு, எங்கள் ஊர்க்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செஸ்நாக் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்த மாத்தியூ ஜான்ஸ், 1997இல் நியூகாசில் நைட்ஸ் முதன்முறை பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடியவர். அந்த இறுதிப்போட்டியிலும் தோற்றது மேன்லிதான். 16–16 என்று இருந்த ஆட்டத்தில், முடிய சில நொடிகளே இருக்க, டேரன் ஆல்பர்ட் ட்ரை அடித்து 22–16 ஆக்கினார். அவருக்குப் பந்தைக் கொடுத்தவர் மாத்தியூவின் தம்பி ஆண்ட்ரூ. அதே ஆண்டுதான் எங்கள் இரும்பாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். அந்தப் பட்டம் இந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று.

ஓய்வுக்குப் பிறகு 2000களின் தொடக்கத்தில் ஃபுட்டி ஷோவுக்கு வந்த மாத்தியூ, ரெக் ரீகன் என்றொரு பாத்திரத்தை உருவாக்கினார். தொங்கு மீசை, பின்கழுத்தில் புரளும் முடி, இறுக்கமான அரைக்கால்சட்டை, கையில் பீர். அடிதடி இல்லாத ஆட்டம் ஆட்டமே இல்லை என்று முழங்கும் பழைய காலத்து ஆட்டக்காரன். ‘சண்டையைத் திரும்பக் கொண்டுவா’ என்பது அவனுடைய முழக்கம். அது பனியன்களில் அச்சாகி விற்றது.

வாட்டின் எந்த வேடம் போட்டாலும் உள்ளே இருப்பவர் வாட்டின் என்று தெரியும். சிரிப்பு அவர்மேல் விழும். ரெக் ரீகன் ஒரு முழுமையான கற்பனை மனிதன். அவனை உருவாக்கியவர் அவனைக் கிண்டல் செய்கிறார் என்பதை நான் உணர்ந்தேன். சுரங்க ஊர்களில் மாமன்களும் பெரியப்பாக்களும் குடித்துவிட்டுப் பேசிய பேச்சை அவர் அப்படியே பிடித்திருந்தார். ஆனால் மைதானத்தில் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு வந்தவர்களில் பலர் கிண்டலைக் கழித்துவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ரெக் ரீகன் கேட்ட அந்த அடிதடியின் விலையைத்தான் அன்பரசி அக்கா மருத்துவமனையில் பார்க்கிறார்கள். ஒரு நல்ல கலைஞனின் வேடம் அவன் கையை மீறிப் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

அளவுகோல்

அன்பரசி அவர்களின் கேள்வி இந்த இழையின் தலைப்பைவிட முக்கியமானது. ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் காட்ட வேண்டும். ரக்பி லீக் உடைமாற்றும் அறையில் கேலி என்பது தரவரிசையைக் கலைக்கும் கருவி. அங்கே எல்லோரும் எல்லோரையும் கேலி செய்வார்கள், திருப்பிக் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதைத் தொலைக்காட்சி மேசைக்குக் கொண்டுவரும்போது அந்தச் சமன் குலைகிறது. மேசையில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பவர் ஒருவர், அழைத்தால் வருபவர் இன்னொருவர். வாட்டினை ஸ்டெர்லிங் திருப்பியடிக்க முடியும், ஃபெனெக்கால் முடியவில்லை. வாட்டின் கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. அந்த மேசையின் அமைப்பே அப்படி. ஒரு காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

நிகழ்ச்சி பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். பெண் வேடம் போட்ட ஆண்களைப் பார்த்துச் சிரித்த அந்த மேடையில், பெண்கள் தங்கள் குரலில் பேச வெகுகாலம் இடமில்லை. 2017இல் வாட்டினை விலக்கிவிட்டு எரின் மோலன் போன்றவர்களை முன்னே கொண்டுவந்தபோது நிகழ்ச்சிக்கு வயதாகியிருந்தது. அடுத்த ஆண்டோடு நின்றுவிட்டது.

நெய்தல்வாணன்

அன்பரசி, உங்கள் கேள்வியை நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். சக ஆட்டக்காரரிடம் அந்தப் பொறுமை எப்போதும் இருக்கவில்லை என்பதே நேர்மையான பதில். ஒருவேளை அவருடைய தலைமுறைக்குத் தலையில் படும் அடி என்பது கால் சுளுக்கைப் போல ஒன்றாகத்தான் இருந்தது. மயங்கி விழுந்தவரை முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி மறுபடி வரிசையில் நிறுத்திய காலத்தில் ஆடியவர்கள் அவர்கள். ஃபெனெக்கைப் பார்த்துச் சிரித்தவர்களின் தலைகளும் அதே அடிகளை வாங்கியவைதாம். இது அந்தச் சிரிப்பை நியாயப்படுத்தாது. அது எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும்.

ஆனால் 1995 குறித்த என் கருத்தை நான் கைவிடவில்லை. அளவுகோல் காட்டிய வேறுபாடே எனக்குத் துணை நிற்கிறது. அந்த ஆண்டு குயின்ஸ்லாந்து அறையில் நட்சத்திரங்கள் இல்லை. ஆகவே யாரும் யாரையும் திருப்பிக் கேலி செய்யலாம். முதல் இலக்கு பயிற்சியாளராகவே இருந்தார். மேசையில் இல்லாத சமன் அந்த அறையில் இருந்தது.

கலைச்செல்வி

நான் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். அன்பரசி சொன்னதற்கு இது மிக நெருக்கமானது. மூன்றாம் போட்டிக்கு முன்பு அணித்தலைவர் ட்ரெவர் கில்மைஸ்டர் காலில் ஏற்பட்ட தொற்று இரத்தத்தில் பரவி மருத்துவமனையில் கிடந்தார். ஆடக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். அவர் எழுந்துவந்து லாங் பார்க்கில் ஆடினார், வென்ற கோப்பையையும் தூக்கினார். ‘கோடாலி’ என்று பெயரெடுத்த அவருடைய டாக்கிள்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த இரவு குயின்ஸ்லாந்து மனவுறுதியின் உச்சம். பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட அதைக் கதையாகச் சொல்கிறோம்.

இந்த இழையைப் படித்த பிறகு ஒன்று உறுத்துகிறது. எந்த அறையில் பயம் போய்விட்டதென்று நானும் நெய்தல்வாணன் அண்ணாவும் புகழ்ந்தோமோ, அதே அறையில்தான் மருத்துவர் சொல்லைத் தட்டிவிட்டு ஒருவர் களமிறங்குவதும் இயல்பாகிப்போனது. கில்மைஸ்டர் உயிர் பிழைத்தார்; ஆகவே அது வீரக்கதை ஆனது. அன்றைய முடிவு அவருடையது என்பதை அறிவேன், அவர்மேல் எனக்குள்ள மரியாதை குறையவும் இல்லை. இன்றைய விதிகளின்படி தலையில் அடிபட்டவர் தாமாக முடிவெடுக்க முடியாது. மருத்துவர் வெளியே அழைத்தால் போயாக வேண்டும். தொற்று, எலும்பு முறிவு போன்றவற்றில் கடைசிச் சொல் யாருடையதாக இருக்க வேண்டும்? அன்பரசி, செவிலியராக நீங்கள் அன்று அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அன்பரசி

கலைச்செல்வி அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டுத் தம் பொறுப்பில் வெளியேற நோயாளிக்கு உரிமை உண்டு. அதைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. இரத்தத்தில் பரவிய தொற்று சில மணி நேரத்தில் இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும், சிறுநீரகத்தை நிறுத்திவிடும் என்பதை அவருக்குப் புரியும்படி ஒருமுறைக்கு இருமுறை சொல்லியிருப்பேன். பிறகு பயிற்சியாளரைத் தொலைபேசியில் அழைத்து, வாட்டின் அவர்களே, இந்த ஒரு தடவை அவரைச் சிரிக்கவைக்காதீர்கள், படுத்திருக்கச் சொல்லுங்கள் என்று கேட்டிருப்பேன். நான் சொல்லிக் கேட்காதவர் அவர் சொன்னால் கேட்டிருப்பார்.